சொந்த ஊரில் பூச்சி ஐயங்காருக்கு ஒரு கோடை விழா: நடத்த நினைப்பவர்களுக்கு

கர்நாடக இசை கற்கும் பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், கீதம் என்ற எளிய பாட்டுகளை முடித்து வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டுக்கு வந்துவிட்டால், மோகன ராகத்தில் 'நின்னுகோரி'யைப் பாடாமல் தாண்டுவது அரிது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் தினமும் காலையில் யாரோ ஒரு குழந்தை அதைப் பாடிக்கொண்டிருக்கும். அந்த வர்ணத்தை இயற்றிய பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919) ராமநாதபுரத்துக்காரர். ஆனால் நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைத் தெரியும், அப்துல் கலாமைத் தெரியும், இவரைத் தெரியாது. எனக்கு இது ஆறாத வருத்தம். அந்த வருத்தத்திலிருந்துதான் ராமேஸ்வரம் போகும் வழியிலுள்ள மண்டபம் ஊரில் எங்கள் கோடை விழா தொடங்கியது.

அரசுப் பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் சிலர், "எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நடத்த வேண்டும் டீச்சர், எங்கே தொடங்குவது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

பாட்டு முதலில், பாடகர் பிறகு

விழா என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "யாரைக் கூப்பிடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியை மாசி வரை ஒத்திப்போடுங்கள். தை மாதத்தில் நீங்கள் கேட்க வேண்டியது, "இந்த ஆண்டு நம் ஊர்ப் பிள்ளைகள் அவருடைய எந்தப் பாட்டைக் கற்கப் போகிறார்கள்?" என்பது. பெரிய வித்வான் வருவார், இரண்டரை மணி நேரம் பாடுவார், இரவு ரயிலேறிப் போய்விடுவார். ஊரில் தங்கப்போவது பிள்ளைகளின் தொண்டையில் ஏறிய பாட்டு மட்டுமே. ஒரு வீட்டில் ஒரு பெண் நான்கு மாதம் தினமும் ஒரு வர்ணத்தைப் பாடினால் அம்மாவுக்குப் பாதி மனப்பாடம் ஆகிவிடும், பாட்டிக்கு மீதி. அந்த வீடு முழுவதும் விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்காரும்.

முதல் ஆண்டுக்கு 'நின்னுகோரி' போதும். ஆதி தாளம், ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ராகம், கேட்டவுடன் பிடித்துப்போகும் நடை. இசையே கற்காத பிள்ளைகளுக்கு முதலில் மோகனத்தின் ஆரோகண அவரோகணத்தை, அதாவது ஸ்வரங்களின் ஏறுவரிசை இறங்குவரிசையை மட்டும் ஒரு வாரம் பாடப் பழக்குங்கள். பிறகு பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் என்று வர்ணத்தின் பகுதிகளில் ஒவ்வொன்றாக ஏறலாம். இரண்டாம் காலத்தை, அதாவது இரட்டை வேகத்தை, பங்குனி வரை தொடாதீர்கள். முதல் காலம் நிதானமாக நிற்காத பிள்ளைக்கு இரண்டாம் காலம் வெறும் ஓட்டம்தான்.

அவருடைய பாடல்களில் பெரும்பாலானவை தெலுங்கு. நாம் தமிழ் எழுத்தில் எழுதித்தான் கற்றுக்கொடுப்போம். அப்படி எழுதும்போது பழைய இசைப் புத்தகங்களில் உள்ளதுபோல் க, ச, ட, த, ப எழுத்துகளின் தலையில் சிறிய எண்களைப் போடுங்கள். க-வா, ga என்ற ஒலியா என்பதில் குழம்பாமல் பிள்ளைகள் பாட அதுவே வழி. ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் பொருளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். யாரை நினைத்து என்ன கேட்கிறோம் என்று அறிந்து பாடும் பிள்ளையின் முகமே வேறாக இருக்கும்.

அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. பேகடா ராகத்தில் 'அனுதினமுனு' ரூபக தாளம், குழுவாகப் பாட நன்றாக அமையும். ரீதிகௌளையில் 'சத்குருஸ்வாமிகி' தியாகராஜரைப் போற்றும் பாட்டு. கேதாரகௌளையில் 'சரகுண பாலிம்ப', பூர்வகல்யாணியில் 'பரமபாவன ராமா' ஆகியவை கச்சேரிகளில் இன்றும் வாழ்பவை, கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு உரியவை. கானடாவில் அட தாள வர்ணம் 'நெர நம்மிதி' இருக்கிறது. அதை மேடையில் பெரியவர்கள் பாடட்டும், தாளத்தை மட்டும் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுங்கள் என்பது என் யோசனை. ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி நான்கு விரல் எண்ணிக்கை. மறுபடியும் அதேபோல் ஒரு தட்டு, நான்கு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஐந்தும் ஐந்தும் இரண்டும் இரண்டுமாகப் பதினான்கு. கச்சேரிக்கு முன் கொஞ்ச நேரம் இதைச் சொல்லிக்கொடுத்தால், மண்டபத்து மீனவர் தெருவிலிருந்து வந்த பெரியவர்கள்கூட விடாமல் தாளம் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். தாளம் கையில் வந்துவிட்டால் கர்நாடக இசை நமக்கில்லை என்ற தயக்கம் போய்விடுகிறது. வலை இழுப்பதிலும் துடுப்புப் போடுவதிலும் காலமெல்லாம் கணக்கோடு கை அசைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இது அந்நியமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு மாலையைக் குரு பரம்பரைக்கு ஒதுக்குங்கள். தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவர் சீடர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவர் சீடர் நம் பூச்சி ஐயங்கார், அவர் சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). இன்று நாம் கேட்கும் கச்சேரியின் வரிசைமுறையை வகுத்துக் கொடுத்தவர் அரியக்குடி. இந்தச் சங்கிலியை ஒரே மாலையில் பாட்டாகவே காட்டிவிடலாம். தியாகராஜர் கிருதி ஒன்று, பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கதனகுதூகல ராகப் பாட்டு 'ரகுவம்ச சுதா', பூச்சி ஐயங்காரின் கிருதி ஒன்று, அரியக்குடி மெட்டமைத்த திருப்பாவைப் பாசுரம் ஒன்று. நடுவில் யாராவது இரண்டு நிமிடம் மட்டும் பேசட்டும். இரண்டு நிமிடம் என்றால் இரண்டே நிமிடம்.

ஏன் மே மாதம்

கத்திரி வெயிலில் விழாவா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் நம் கரைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வலை தைப்பதும் படகுக்கு வர்ணம் பூசுவதும் பகலில் முடிந்துவிடும், மாலையில் அவர்களுக்கு நேரம் இருக்கும். பள்ளிக்கும் விடுமுறை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் ஊருக்கு வந்திருப்பார்கள். மார்கழியில் நடத்தினால் வித்வான்கள் யாரும் சென்னையை விட்டு வரமாட்டார்கள், நம் ஊரிலும் மழை.

ஒன்றை மறக்கக் கூடாது. தடைக்காலம் மீனவர் வீடுகளில் வருமானம் இல்லாத காலம். அந்தத் தெருக்களில் நன்கொடைச் சீட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வந்து உட்காருவதே விழாவுக்குப் போதுமான கொடை.

தேதி வைக்கும்போது உள்ளூர்க் கோயில் திருவிழா, தேவாலயத் திருநாள், பள்ளிவாசல் விசேஷம் மூன்றையும் கேட்டுக்கொண்டு வையுங்கள். காலண்டரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். கேட்கப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் விழா ஊர் விழாவாகிறது.

இடமும் காற்றும்

நான் திருமண மண்டபங்களை விரும்புவதில்லை. தகரக் கூரை, எதிரொலிக்கும் சுவர், மின்விசிறிச் சத்தம். பள்ளி வளாகத்தில் வேம்பும் பூவரசும் நிற்கும் திறந்தவெளி கிடைத்தால் அதையே கேளுங்கள். ஆனால் நம் ஊரில் திறந்தவெளி என்றால் காற்றோடு பேசி முடிக்க வேண்டும். மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மே மாதத்தில் மாலைக் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். ஆகவே மேடையைத் திடலின் தென்மேற்கு மூலையில், வடகிழக்கைப் பார்த்தபடி போடுங்கள். காற்று கலைஞர்களின் முதுகில் படும், மைக்கில் நேராக மோதாது. ஒலியும் காற்றோடு சேர்ந்து கூட்டத்தை நோக்கிப் போகும். கிழக்கோ வடக்கோ பார்த்து உட்கார வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களுக்கும் மனநிறைவு. மேடையின் பின்புறமும் தெற்குப் பக்கமும் ஆள் உயரத்துக்குமேல் பனையோலைத் தட்டி கட்டிவிடுங்கள்.

பந்தலுக்குக் கீற்றோ பனையோலையோ போடுங்கள். துணிப் பந்தல் நம் காற்றில் படபடவென்று அடித்து ஆலாபனையைக் கொன்றுவிடும். ஓலை என்றால் தீ பற்றிய கவனம் வேண்டும். குத்துவிளக்கை மேடையின் முன்விளிம்பில் வையுங்கள், ஓலைக்கு அருகில் வேண்டாம். நான்கு மூலையிலும் மணல் வாளி, தண்ணீர்க் குடம். ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில், கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். புகையும் சத்தமும் கூட்டத்தின் பக்கம் வராது.

பரதநாட்டியம் இருக்கும் நாளில் மேடைத் தளத்தை மதியமே ஒருவர் வெறுங்காலோடு நடந்து பார்க்க வேண்டும். நாள் முழுவதும் வெயிலில் கிடந்த சிமெண்டுத் தரை மாலை ஐந்து மணிக்கும் சுடும். தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, துடைத்து, ஆணித் தலை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று கையால் தடவிப் பாருங்கள். மேலே கம்பளம் விரிக்காதீர்கள், காலை வாரிவிடும்.

வாத்தியங்களுக்கு நம் கடற்காற்று

வெளியூர்க் கலைஞர்களுக்கு நாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய விஷயம் இது. நிறைய ஊர்களில் இதை யாரும் சொல்வதில்லை.

உப்புக் காற்று இரும்புத் தந்திகளைத் தின்றுவிடும். வயலின், வீணை, தம்புரா எதுவானாலும் வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைத்து உறைக்குள் வைக்க வேண்டும். ஒரு செட் மாற்றுத் தந்தி கையிருப்பில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் மதுரைக்கு ஓட முடியாது. வீணையை மதிய வெயிலில் மூடிய காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். தந்திகளுக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெட்டுகளைத் தாங்கி நிற்பது மெழுகு. அது இளகினால் மெட்டுகள் நகர்ந்துவிடும், பிறகு அந்த வீணையை மேடையில் வாசிக்க இயலாது.

மிருதங்கத்துக்கு இன்னும் கவனம் தேவை. பகலின் வறண்ட சூட்டில் தோல் இறுகும், இரவு கடலின் ஈரத்தில் தளரும், சுருதி இறங்கும். கலைஞர் கல்லும் புள் எனும் சிறு மரக்கட்டையும் எடுத்துத் தட்டிச் சேர்க்க நேரம் வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையே இருபது நிமிடமாவது விடுங்கள். தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் பூசும் ரவை நம் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். பிள்ளைகள் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவார்கள், பிறகு வரும் ஆண் பாடகர் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் பாடுவார். ஒரே மிருதங்கம் இரண்டுக்கும் ஆகாது. மேல் சுருதிக்கு ஒன்றும் தக்கு எனும் தாழ்ந்த சுருதிக்கு ஒன்றுமாக இரண்டு கொண்டுவரும்படி அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். ராமநாதபுரம் முருகபூபதியைப் போன்ற ஒரு மிருதங்க மேதையைத் தந்த மண் இது. இங்கே வந்து வாசிக்கும் ஒருவர் மிருதங்கம் சேராமல் தவிக்கக் கூடாது.

கடம் வேண்டுமானால் அருகிலேயே இருக்கிறது செல்வம். மதுரை ரயில் பாதையில் மானாமதுரை, அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடம் செய்கிறார்கள். கனமான மண், அழுத்தமான நாதம், வாசிக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். கடத்தின் சுருதியைச் சுட்ட பிறகு பெரிதாக மாற்ற முடியாது. ஆகவே எந்தக் கட்டைக்கு வேண்டும் என்று முன்பே சொல்லி, சுருதிப் பெட்டியோடு போய்த் தட்டிப் பார்த்து வாங்குங்கள். விழாவுக்கென்று ஒன்று வாங்கி ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். கடம் வாசிக்கத் தெரிந்த ஒரு பையன் தானாகவே உருவாகிவிடுவான்.

மைக்செட்

நம் ஊர் மைக்செட்காரர்கள் திறமைசாலிகள். காதணி விழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பழகியவர்கள், அவ்வளவுதான். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அந்தத் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, ஒரு நல்ல கச்சேரிப் பதிவை முழுவதும் கேட்க வையுங்கள். "தம்பி, தம்புராவின் நாதம் எவ்வளவு தூரம் கேட்கிறது பார். நம் திடலிலும் அது கேட்க வேண்டும்" என்று சொல்லுங்கள். எக்கோவை முற்றிலும் அணைத்துவிட வேண்டும். கூம்பு வேண்டாம், பெட்டி ஒலிபெருக்கி போதும். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு, கடத்துக்கு ஒன்று என ஐந்து மைக். எல்லாவற்றுக்கும் பஞ்சு உறை. கலைஞர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்க மேடையில் ஒரு சிறிய ஒலிபெருக்கி அவசியம். அது இல்லாமல் திறந்தவெளியில் சுருதி சேர்ந்து பாடுவது மிகக் கடினம்.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். நாங்கள் 9.30-க்கே மங்களம் பாடிவிடுகிறோம். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் அதுவே நல்லது.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

எங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். அதற்கு மேல் நீட்டினால் உழைப்பவர்கள் களைத்துவிடுகிறார்கள்.

காலை ஆறரைக்கு மரத்தடியில் பயிற்சி. வந்திருக்கும் வித்வானோ விதுஷியோ ஊர் மக்கள் எல்லோருக்கும் பூச்சி ஐயங்காரின் ஒரு பல்லவியை மட்டும் கற்றுக்கொடுப்பார். வயது, தகுதி எதுவும் கேட்பதில்லை. ஒன்பது மணிக்கு முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் பேசவிடாது. முடிந்ததும் பதநீர். பதநீர் காலையில் மட்டும்தான், மாலைவரை வைத்தால் புளித்துவிடும். மாலைக்கு நுங்கு, கருப்பட்டிப் பானகம், நீர்மோர், சுண்டல். உள்ளூர்ப் பெண்கள் குழு ஓலைக்கொழுக்கட்டை செய்து கொடுத்தால் அதற்கு உரிய விலை கொடுத்து வாங்குங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். குடிதண்ணீர் மிக முக்கியம். நம் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளைத் தெரிந்துகொண்டு சேமித்து வையுங்கள், அல்லது லாரித் தண்ணீருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மாலை ஐந்தேகாலுக்குப் பிள்ளைகள் மேடை ஏறுவார்கள். ஆறரையை ஒட்டிச் சூரியன் மறையும், பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும். அதற்குச் சற்று முன்பே நிறுத்தி, இருபத்தைந்து நிமிடம் இடைவேளை விடுகிறோம். தொழுகை முடித்துவிட்டுப் பலர் நேராகத் திடலுக்கு வருகிறார்கள். கோயில் விளக்கேற்றும் நேரமும் அதுதான். வாத்தியங்களைச் சுருதி சேர்க்கவும் அந்த இடைவேளை உதவுகிறது. ஏழு மணிக்குப் பெரிய கச்சேரி.

இரண்டாம் நாள் மாலையை நம் கரையின் பாட்டுகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மேடையேற்றி, பாட்டின் அடியை ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ சொல்லட்டும். சுருதிப் பெட்டியை அவர்கள் மேல் திணிக்காதீர்கள், அவர்களுக்கு அவர்கள் மூச்சே சுருதி. கர்நாடகக் கச்சேரிக்குக் கொடுக்கும் அதே மேடை, அதே மைக், அதே மாலை மரியாதை கொடுங்கள். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபின் கண்ணிகளை ராகத்தில் பாடும் ஒருவரை அழையுங்கள். ராமேஸ்வரம் ராமநாதர் மேல் முத்துசுவாமி தீட்சிதர் பாடிய 'ராமநாதம் பஜேஹம்' கிருதியையும் அன்றே வைக்கலாம். ஒயிலாட்டக் குழு ஒன்று கிடைத்தால் இன்னும் சிறப்பு. பூச்சி ஐயங்காரின் விழாவில் இவையெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர் காலத்தில் இவை எல்லாமே இந்த மண்ணில் ஒலித்துக்கொண்டிருந்தன. அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

அம்பா பாட வந்த பெரியவர் ஒருவர் மறுநாளும் வந்து, பிள்ளைகள் மோகன வர்ணம் பாடுவதை முழுவதும் கேட்டுவிட்டு, "டீச்சர், இதைக் கட்டியவர் நம் ராம்நாட்டுக்காரர்தானா? அப்படியென்றால் என் பேத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தப் பெண் இப்போது பேகடா கற்கிறாள்.

கலைஞர்களை அழைப்பது

அழைப்புக் கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். கச்சேரியில் பூச்சி ஐயங்காரின் பாடல்கள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று விரிவாகப் பாடப்பட வேண்டும். வர்ணம் ஒன்றை ஐந்து நிமிடத்தில் தட்டிவிட்டுப் போவது கணக்கில் வராது. மூன்று மாதம் முன்பே எழுதினால் நல்ல கலைஞர்கள் புதிதாகப் பாடம் பண்ணிக்கொண்டு வருகிறார்கள், மகிழ்ச்சியோடு வருகிறார்கள். பெரிய பெயர்களையே தேடாதீர்கள். முப்பது வயதுக்கு உட்பட்ட, தேடலுள்ள இளம் கலைஞர்கள் நம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ராமநாதபுரம். அங்கே இறங்கச் சொல்லி, காலை உணவுக்குப் பிறகு ராமலிங்க விலாசம் அரண்மனையைக் காட்டிவிட்டு மண்டபம் அழைத்து வாருங்கள். சுவர் முழுவதும் சேதுபதிகள் காலத்து ஓவியங்கள். மன்னர் பாஸ்கர சேதுபதியும் தமிழ்ப் புரவலர் பாண்டித்துரைத் தேவரும் பூச்சி ஐயங்காரை ஆதரித்தவர்கள். அந்தச் சமஸ்தானத்தின் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பாடுபவர்களின் பாட்டில் ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. நான் இதை உறுதியாகச் சொல்வேன்.

தங்குமிடத்தில் நல்ல மின்விசிறி, வெந்நீர், மதியம் மூன்று மணிநேரம் தொந்தரவில்லாத ஓய்வு. என்ன சாப்பிடுவார்கள், கச்சேரிக்கு எத்தனை மணிநேரம் முன்பு சாப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேடையில் பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர், ஐஸ் தண்ணீர் வேண்டாம். சன்மானத்தை வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, அவர்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். "அக்கவுண்ட்டில் போட்டுவிடுகிறோம்" என்று கலைஞரை அனுப்பிவைப்பது எந்த விழாவுக்கும் அழகல்ல. பக்கவாத்தியக்காரர்களின் தொகையை முதன்மைக் கலைஞர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பெரிய நன்கொடையாளரை நம்பாதீர்கள். அவர் அடுத்த ஆண்டு கையை விரித்தால் விழா நின்றுவிடும், விரிக்காவிட்டால் மேடையில் நாற்காலி கேட்பார். ஒரு செலவை ஒரு குடும்பம் ஏற்கும்படி பிரித்துவிடுங்கள். ஒருவர் பந்தல், ஒருவர் மைக்செட், ஒருவர் தண்ணீர், ஒருவர் பூ. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் மனமுவந்து செய்வார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் வைக்க வேண்டாம். மேடைப் பின்னணியில் இசைமேதையின் படத்தைத் தவிர வேறு யாருடைய படமும் கூடாது. நன்கொடையாளர் பெயர்களை நுழைவாயில் பலகையில் ஒரே அளவு எழுத்தில் எழுதி வையுங்கள். இதில் மட்டும் யாருக்காகவும் இளகாதீர்கள்.

கடைசி நாளுக்குத் திரைப்பட மெல்லிசைக் கச்சேரி வைத்தால் கூட்டம் வரும் என்று குழுவில் கட்டாயம் யாராவது சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். கடைசி நாள் பிள்ளைகள் அனைவரும், கற்றுக்கொடுத்தவர்களும், வந்திருக்கும் கலைஞர்களும் சேர்ந்து மேடையில் 'நின்னுகோரி'யை இரண்டு காலத்திலும் பாடும் நாள். மேடை போதாது, பாதிப் பேர் கீழே நின்று பாடுவார்கள். பரவாயில்லை.

முடிந்த மறுநாள் காலையிலேயே திடலைப் பெருக்கி, பள்ளியின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மைக்செட், பந்தல், சமையல் ஆட்களுக்கு அன்றே பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். வரவு செலவை ஒரு வாரத்துக்குள் எழுதி, டீக்கடை, மீன்பிடிச் சங்கம், நூலகம் ஆகிய இடங்களில் ஒட்டுங்கள். பிள்ளைகள் பாடிய பதிவைப் பெற்றோருக்கு அனுப்புங்கள். ஜூன் 15 அன்று படகுகள் கடலுக்குப் போய்விடும், பள்ளியும் திறந்துவிடும். அதற்குள் வாரத்தில் எந்த இரண்டு நாள் மாலையில் வகுப்பு என்பதை முடிவு செய்து, பெயர்ப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.